கார் நிக்கோபாரின் தென்னங்கள்ளும் பதநீரும்

கடற்கரைப் பிரதேசங்களில் மது வடிக்கும் தொழிலைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் திராட்சைத் தோட்டங்களையே விரித்துரைக்கின்றன. பிரான்சின் மேற்குப் பகுதியில், அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அண்மையிலுள்ள பொர்தோ வட்டாரம் இதற்குத் தக்க சான்றாகும். ஆயினும், திராட்சை செழிக்காத வெப்பமண்டலக் கடற்கரைகளுக்கும் உரிய மது ஒன்று உண்டு. தென்னம் பாளையைச் சீவி இறக்கும் கள்ளே அது. கோவாவிலும், இலங்கையின் மேற்குக் கரையில் களுத்துறை வட்டாரத்திலும், பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் இது பழைமையான தொழிலாக நிலவி வருகிறது. வங்கக் கடலின் தென்கிழக்கே அமைந்த கார் நிக்கோபார் தீவிலும் கள், விருந்துகளிலும் விழாக்களிலும் இடம்பெறும் பானமாகும்.

அத்தீவில் பணிபுரியும் களப்பணியாளரும் ஆசிரியரும் இதனை வெறும் குடிப் பழக்கமாகக் கருதி ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. ஒரே சாறு சில மணி நேர வேறுபாட்டில் பதநீராகவும், கள்ளாகவும், காடியாகவும் மாறுவது நொதித்தல் என்னும் விதியை விளக்கும் நல்ல பாடமாகும். மேலும், சீவிய பாளையில் காய் பிடிப்பதில்லை. ஆகவே, எந்தப் பாளையைச் சீவுவது, எதனைக் காய்க்க விடுவது என்பது அத்தீவின் உணவையும் வருவாயையும் நேரே தொடும் கேள்வியாகும்.

தீவும் அதன் தென்னையும்

கார் நிக்கோபார், நிக்கோபார் மாவட்டத்தின் தலைமையிடம். லிட்டில் அந்தமானுக்கும் இதற்கும் இடையே பத்துப் பாகைக் கால்வாய் கிடக்கிறது. தீவின் பரப்பு ஏறத்தாழ 127 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி இங்கு வாழ்ந்தோர் 17,841 பேர். அவருள் மிகப் பெரும்பாலோர் நிக்கோபாரியப் பழங்குடியினர். நிக்கோபார்க் கூட்டத்தின் மற்றத் தீவுகள் பலவற்றில் குன்றுகள் உள்ளன. கார் நிக்கோபாரோ பவளப் பாறையும் களிமண்ணும் கலந்த சமதளத் தீவாகும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளும் மழையைத் தருகின்றன. முதலாம் இராசேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டு இத்தீவுக் கூட்டத்தை மாநக்கவாரம் என்று குறிப்பிடுகிறது. ஆதலின் தமிழர்க்கு இப்பெயர் ஆயிரம் ஆண்டுப் பழக்கமுடையது.

இங்குத் தென்னை ஒரு பயிர் மட்டுமன்று. மக்களின் வாழ்க்கைக்கு ஆதாரமும் ஆகும். இளநீர் தாகம் தீர்க்கிறது; முற்றிய காய் உணவாகவும் எண்ணெயாகவும் பயன்படுகிறது; கொப்பரை கப்பலேறி வருவாய் தருகிறது; வீட்டுப் பன்றிகளுக்கும் தேங்காயே முக்கியத் தீனி. பண்டமாற்று வாணிகம் நடந்த காலத்தில் தேங்காயே நாணயத்தின் இடத்தைப் பெற்றிருந்தது. தோப்புகள் பொதுவாகத் தனி மனிதருக்கு உரியவை அல்ல. 'துஹெத்' எனப்படும் கூட்டுக் குடும்பத்திற்கு உரியவை. ஆகவே, ஒரு மரத்தைப் பற்றிய முடிவு ஒரு குடும்பக் கூட்டத்தின் முடிவாகும்.

திராட்சை ஏன் விளைவதில்லை?

மாணவர் இக்கேள்வியைக் கேட்பது இயல்பு. திராட்சைக் கொடிக்கு ஒரு பருவத்தில் ஓய்வும், கனி பழுக்கும் காலத்தில் வறட்சியும் வேண்டும். குளிர்நாடுகளில் பனிக்காலமே அவ்வோய்வைத் தருகிறது. தமிழ்நாட்டில் கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் கொடியைக் கவாத்து செய்து அவ்வோய்வைத் தாமே உண்டாக்குகின்றனர். கார் நிக்கோபாரில் குளிர்காலமும் இல்லை. நீண்ட வறட்சியும் இல்லை. இடைவிடாத ஈரத்தில் கொடியைப் பூஞ்சண நோய்கள் பற்றும். தென்னைக்கோ இத்தகைய ஓய்வு தேவையில்லை. நன்கு வளர்ந்த மரம் ஏறத்தாழ மாதத்திற்கு ஒரு பாளை வீதம் ஆண்டு முழுவதும் பாளை விட்டுக்கொண்டிருக்கும். திராட்சையின் அறுவடை ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ வருவது. தென்னையின் சாறோ நாள்தோறும் இருவேளை இறக்கப்படுவது.

பாளையிலிருந்து சாறு வரும் விதம்

இலைகளில் உண்டாகும் சர்க்கரை, பட்டைக் குழாய்கள் வழியே பாளைக்குச் செல்கிறது. அது காய்களை வளர்ப்பதற்கென மரம் அனுப்பும் உணவு. பாளை விரியுமுன் அதனைக் கயிற்றால் இறுகக் கட்டி, சில நாட்கள் மென்மையாகத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவினால் அவ்வுணவு சாறாக வெளியே சொட்டுகிறது. வெட்டிய குழாய்களின் வாயை அடைத்துக்கொள்வது மரத்தின் இயல்பு. அதனால்தான் காலையிலும் மாலையிலும் மெல்லிய வில்லையாகப் புதிதாகச் சீவ வேண்டியிருக்கிறது. தடித்த வில்லையாகச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துபோகும். சீவாமல் ஓரிரு வேளை விட்டுவிட்டால் சாறு நின்றுபோகும். இத்தொழிலின் திறமை முழுவதும் தட்டும் கையின் அளவிலும், சீவும் கத்தியின் கூர்மையிலும் அடங்கியுள்ளது.

புதிதாக வடியும் சாற்றில் நூற்றுக்கு 12 முதல் 16 பங்கு வரை சர்க்கரை உண்டு. அது பெரும்பாலும் கரும்பில் உள்ள அதே சுக்ரோஸ் ஆகும். அமினோ அமிலங்களும் தாது உப்புகளும் சிறிதளவு வைட்டமின் சி-யும் இதில் கலந்துள்ளன. சாறு அமிலமும் அன்று, காரமும் அன்று. ஏறக்குறைய நடுநிலையில் உள்ளது. இந்த நடுநிலையே பின்னர் வரும் மாறுதல்கள் அனைத்திற்கும் காரணமாகிறது.

நொதித்தலின் மூன்று படிகள்

பாளையின் வெட்டுவாயிலும், காற்றிலும், கழுவாத கலயத்திலும் நுண்ணுயிர்கள் உள்ளன. சர்க்கரையும் வெப்பமும் ஈரமும் ஒருங்கே கிடைத்தவுடன் அவை பெருகத் தொடங்குகின்றன. 27 முதல் 30 டிகிரி செண்டிகிரேடு வரை வெப்பமுள்ள தீவில் இதற்கு நெடுநேரம் தேவைப்படுவதில்லை. கலயம் மரத்தில் இருக்கும்போதே நொதித்தல் தொடங்கிவிடுகிறது.

முதற்படியில் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் முந்திக்கொள்கின்றன. சாறு சற்றே புளிப்பு ஏறி, வெண்மையாகக் கலங்குகிறது.

இரண்டாம் படியில் சாக்கரோமைசிஸ் என்னும் ஈஸ்டும், சைமோமோனாஸ் என்னும் பாக்டீரியாவும் சர்க்கரையைச் சாராயச்சத்தாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கின்றன. நுரை பொங்குவது அவ்வாயுவினால்தான். சைமோமோனாஸை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் லிண்டனர் என்னும் ஜெர்மன் அறிஞர். 1920-களில் மெக்சிகோ நாட்டின் புல்க்கே என்னும் பானத்திலிருந்து அவர் அதனைப் பிரித்தெடுத்தார். கற்றாழையை ஒத்த ஒரு செடியின் சாற்றை நொதிக்க வைத்துப் பெறுவது புல்க்கே. கள்ளில் அதே உயிர் காணப்படுவது, இனிய சாறு எங்கே வடிந்தாலும் இயற்கை ஒரே வழியைக் கையாளுகிறது என்பதைக் காட்டும்.

மூன்றாம் படியில், காற்றுப் படும் கள்ளில் அசிட்டோபாக்டர் இன பாக்டீரியாக்கள் சாராயச்சத்தை அசிட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. ஏறத்தாழ ஒரு நாள் கடந்த கள்ளில் இப்புளிப்பை நன்கு உணரலாம். அதுவே முற்றினால் காடியாகிறது.

உயர் வகுப்பு ஆசிரியர் இங்கு ஒரு கணக்கைச் செய்து காட்டலாம். 342 கிராம் சுக்ரோஸ், 18 கிராம் நீருடன் சேர்ந்து 360 கிராம் எளிய சர்க்கரையாகிறது. அது முழுவதும் நொதித்தால் 184 கிராம் சாராயச்சத்தும் 176 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும். லிட்டருக்கு 150 கிராம் சர்க்கரையுள்ள சாற்றிலிருந்து, இக்கணக்கின்படி ஏறத்தாழ 81 கிராம் சாராயச்சத்து, அதாவது கன அளவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரவேண்டும். நடைமுறையில் கள்ளில் 5 முதல் 8 பங்கு வரையே காணப்படும். எஞ்சிய சர்க்கரையில் ஒரு பகுதி அமிலங்களாகிறது. ஒரு பகுதி நுண்ணுயிர்களின் உடலாகிறது. சாராயச்சத்திலும் ஒரு பகுதி காடியாகிவிடுகிறது.

திராட்சை மது நிலைப்பதும் கள் நிலையாததும்

திராட்சை மது பல ஆண்டுகள் கெடாது இருக்க, கள் ஒரு நாளில் கெடுவது ஏன்? திராட்சைச் சாறு இயல்பாகவே புளிப்பு உடையது. பல பாக்டீரியாக்கள் அப்புளிப்பில் வாழ இயலாது. ஈஸ்டு மட்டும் தழைக்கும். அதில் சர்க்கரையும் மிகுதி. ஆதலின் சாராயச்சத்து நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவுக்கு ஏறுகிறது. தோலிலிருந்து வரும் துவர்ப்புப் பொருள்களும் காவல் செய்கின்றன. மேலும், காற்றுப் புகாத பீப்பாயும் குளிர்ந்த நிலவறையும் உள்ளன. இவ்வளவு இருந்தும் மது கெடுவதுண்டு. அதன் காரணத்தை ஆராய்ந்த லூயி பாஸ்டர் 1866-இல் மதுவைப் பற்றிய நூலை வெளியிட்டு, கெடுதலுக்கு நுண்ணுயிர்களே காரணம் என்றும், அளவான சூட்டினால் அதனைத் தடுக்கலாம் என்றும் நிறுவினார்.

தென்னஞ் சாற்றுக்கு இக்காவல்களில் ஒன்றும் இல்லை. புளிப்பு இல்லை; துவர்ப்பு இல்லை; குளிர்ச்சியும் இல்லை. ஆகவே அதனைக் காக்க வேண்டுமாயின் மனிதனே காவலிட வேண்டும். அக்காவல் மூவகைப்படும்.

ஒன்று, சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் சாறு காரத்தன்மை அடைந்து, நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். பனைமரத்திலிருந்து பதநீர் இறக்கும் தமிழ்நாட்டார் இதனை நன்கு அறிவர். இரண்டு, குளிர்ச்சி. காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிலையம், பனிக்கட்டி வைத்த பெட்டியைப் பாளையுடன் இணைத்து, சுண்ணாம்பின்றியே சாற்றை நொதிக்காது பிடிக்கும் முறையை வகுத்துள்ளது. அவ்வாறு பெறும் சாற்றுக்குக் கல்பரசம் என்று பெயரிட்டுள்ளனர். மூன்று, கொதிக்க வைத்தல். சாற்றைக் காய்ச்சிப் பாகாகவோ வெல்லமாகவோ ஆக்கினால் அது பல மாதங்கள் நிற்கும்.

சுண்ணாம்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. கடற்கரைகளில் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்யும் பழக்கம் பல நாடுகளில் இருந்தது. கார் நிக்கோபாரில் உயிருள்ள பவளத்திட்டை எடுப்பது சட்டப்படி குற்றமாகும். அத்திட்டே கடலலையின் வேகத்தைத் தணித்துக் கரையையும் தோப்பையும் காக்கிறது. ஆகையால் பதநீருக்குக் கடையில் கிடைக்கும் தூய நீற்றிய சுண்ணாம்பையே பயன்படுத்தும்படி அறிவுறுத்த வேண்டும்.

ஒரு பாளையின் கணக்கு

ஆண்டுக்கு 12 பாளை விட்டு 60 காய் தரும் ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். பாளைக்கு 5 காய் வீதம் ஆகிறது. ஒரு காயில் 150 கிராம் கொப்பரை எனக் கொண்டால், ஒரு பாளைக்கு முக்கால் கிலோ கொப்பரை கிடைக்கும். அதே பாளையை 40 நாட்கள் சீவி, நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் சாறு இறக்கினால் 60 லிட்டர் ஆகும். அதில் நூற்றுக்கு 14 பங்கு சர்க்கரை எனில், எட்டு கிலோவுக்கு மேல் சர்க்கரை உண்டு. உணவுச் சத்தின் வெப்ப அளவில் பார்த்தால், சாறு தேங்காயைப் போல் ஆறு மடங்குக்கு மேல் தருகிறது.

இதைக் கண்டு எல்லாப் பாளைகளையும் சீவிவிடலாம் என்று முடிவு செய்தல் தவறாகும். முதலாவது, உழைப்பு. ஐந்து காயைப் பறிக்க ஒரு முறை மரமேறினால் போதும். அறுபது லிட்டர் சாற்றுக்கு எண்பது முறை ஏற வேண்டும். மழைக்காலத்தில் வழுக்கும் மரத்தில் ஒவ்வோர் ஏற்றமும் ஓர் ஆபத்து. இரண்டாவது, விறகு. அறுபது லிட்டரை வெல்லமாக்க ஐம்பது லிட்டர் நீரையேனும் ஆவியாக்க வேண்டும். சாதாரண அடுப்பில் இதற்கு நாற்பது கிலோவுக்குக் குறையாத விறகு செலவாகும். மட்டையும் மூடியும் போதாதபோது காடு வெட்டப்படும். மூன்றாவது, சேமிப்பு. தேங்காய் மூடியிட்டு முத்திரை வைத்த கலயம் போன்றது. கப்பல் வரத் தாமதித்தாலும் அது பல வாரங்கள் காத்திருக்கும். சாறு காத்திராது. கொப்பரையை ஏற்றிச் செல்ல வரும் கப்பல் புயலால் நின்றுவிடும் தீவில் இவ்வேறுபாடு சிறிதன்று. நான்காவது, விதை. எல்லாப் பாளையையும் சீவும் தோப்பில் விதைக்காய் இராது; பன்றிக்குத் தீனியும் குறையும்.

இந்நான்காவது காரணம் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளுக்குப் பின் தனிமுக்கியத்துவம் பெற்றது. அன்றைய நிலநடுக்கத்தில் தீவின் நிலம் தாழ்ந்தது. சுனாமி கடலோரச் சிற்றூர்களை அழித்து, மிகப் பலரின் உயிரைக் கவர்ந்தது. மக்களின் குடியிருப்புகள் தீவின் உட்பகுதிக்கு மாற்றப்பட்டன. கரையோரத் தென்னந்தோப்புகளில் பல அழிந்தன. உப்புநீர் தேங்கிய இடங்களில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. நெட்டைத் தென்னங்கன்று காய்ப்புக்கு வர ஆறு முதல் எட்டு ஆண்டுகள் பிடிக்கும். ஒரு துஹெத் தன் தோப்பைத் திரும்ப எழுப்பும் காலத்தில், நல்ல தாய்மரத்தின் ஒவ்வொரு காயும் நாளைய மரமாகும்.

ஆகவே, பொதுவான நெறி இதுவாகலாம்: திடமான, மிகுதியாகக் காய்க்கும் மரங்களை விதைக்கென விடுதல், காய்ப்புக் குறைந்த, ஆனால் நலமான மரங்களைச் சீவுதல், ஒரே மரத்தில் எல்லாப் பாளைகளையும் சீவாது சிலவற்றைக் காய்க்க விடுதல், இளமரத்தின் முதற் பாளைகளைத் தொடாதிருத்தல். எந்த மரம் எவ்வளவு காய்க்கும் என்பதை அத்தோப்புக்கு உரியவர்களே நன்கறிவர். களப்பணியாளர் கணக்கைக் காட்டலாம். முடிவு துஹெத்தின் பெரியவர்களுடையதாக இருத்தல் முறை.

தூய்மையும் நலமும்

கலயத்தை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவி உலர்த்துதல் வேண்டும். கள் வேண்டுவோர் பழைய வண்டலைக் கலயத்தில் விட்டுவைப்பர். அதுவே உறையாகப் பயன்படும். பதநீர் வேண்டுமாயின் அவ்வண்டல் ஒரு துளியும் இருத்தலாகாது.

கலயத்தின் வாயைத் துணியாலோ ஓலையாலோ மூடுதல் மிகமிக அவசியம். நிக்கோபார்த் தீவுகளில் பழந்தின்னி வௌவால்கள் வாழ்கின்றன. வங்காளதேசத்தில், இவ்வகை வௌவால்கள் தீண்டிய ஈச்சஞ் சாற்றைப் பச்சையாகப் பருகியோருக்கு நிப்பா என்னும் கொடிய காய்ச்சல் பரவியது மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. பாளையையும் கலயத்தையும் மூடுவது எளிய காவல்; சாற்றைக் காய்ச்சிப் பருகுவது அதனினும் உறுதியான காவல்.

விருந்தில் அருந்தும் கள்ளும் சாராயச்சத்து உடையதே. சிறுவர்க்கும் கருவுற்ற தாய்மார்க்கும் அது தீங்கு. நாள்தோறும் குடிப்பது கல்லீரலைக் கெடுக்கும். கள்ளைப் பற்றிய சட்டம் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குதலும் விற்றலும் தடை செய்யப்பட்டுள்ளன. ஆகவே இங்குக் கூறியவற்றை வேறிடத்தில் கையாளுவோர் அவ்விடத்துச் சட்டத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

காடிக்கு அத்தகைய தீமை இல்லை. முற்றாக நொதித்த கள்ளை வாயகன்ற பாண்டத்தில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி, பழைய காடியில் சிறிது சேர்த்து வைத்தால் சில வாரங்களில் நல்ல காடியாகும். மீனையும் இறைச்சியையும் ஊறவைக்க அது பயன்படும். தீவில் சாற்றை நீண்ட நாள் காக்க இதுவே மிக எளிய வழியாகும், விறகும் வேண்டுவதில்லை.

வகுப்பறையில் செய்து காட்டுதற்குரிய சோதனை

ஒரே மரத்தின் புதிய சாற்றை மூன்று கண்ணாடிக் குடுவைகளில் சம அளவாக ஊற்றுக. முதலாவதை அவ்வாறே விடுக. இரண்டாவதில் சிறிது நீற்றிய சுண்ணாம்பைக் கலக்குக. மூன்றாவதைக் கொதிக்க வைத்து, சூட்டோடு பஞ்சடைப்பு இடுக. காலை, நண்பகல், மறுநாள் காலை ஆகிய மூன்று வேளைகளில் நிறம், நுரை, மணம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. லிட்மஸ் தாளால் சோதித்தால், முதற் குடுவை நீலத் தாளைச் சிவப்பாக்கும். இரண்டாவது சிவப்புத் தாளை நீலமாக்கும். மூன்றாவது பெரிதும் மாறாதிருக்கும். முதற் குடுவையின் வாயிலிருந்து ஒரு குழாயைத் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் செலுத்தினால், அந்நீர் பால்போல் வெளுப்பது கரியமில வாயுவைக் காட்டும். நொதிக்கும் குடுவையை இறுக மூடலாகாது. வாயு மிகுந்து வெடித்துவிடும். சோதனைச் சாற்றை மாணவர் சுவைத்தலும் ஆகாது.

சோதனையின் முடிவில் ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. முதற் குடுவையில் நுழைந்தது எது? இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அதனைத் தடுத்தது எது? இதே சாறு சீவப்படாமல் பாளையிலேயே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்? மூன்றாம் கேள்விக்கு ஐந்து தேங்காய் என்று விடை சொல்லும் மாணவன், தன் தீவின் பொருளாதாரத்தையும் அறிந்தவனாவான்.